விசாரணை அறிக்கைகள் களத்தில் பழக்கமாவது எப்படி?

கேள்வி: ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது, பரிந்துரைகள் வெளியாகின்றன; ஆனாலும் அதே தவறுகள் மீண்டும் நிகழ்கின்றன. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிகள் உண்மையில் பாடம் கற்கின்றனவா?

மறுமொழி 1: கற்கின்றன. 1970இல் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயின்போது, பல துறைகள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் தடுமாறியதால்தான், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதை வரையறுக்கும் பொதுக் கட்டளை முறை உருவானது. சிறு விபத்துகளிலும் அதையே கையாண்டதால்தான் அது நிலைத்தது என்று கருதுகிறேன்.

மறுமொழி 2: எழுத்தில் இருப்பது மட்டும் போதாது. லண்டனில் 2009இல் லக்கனால் ஹவுஸ் அடுக்குமாடித் தீயில் 6 பேர் இறந்தபோதே, தீயின்போது குடியிருப்போரை வெளியேறாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லும் அறிவுரையின் ஆபத்து வெளிப்பட்டுவிட்டது. ஆயினும் 2017இல் அதே நகரின் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில், வெளிச்சுவர் வழியே தீ மேலேறிய பிறகும் அந்த அறிவுரை நெடுநேரம் மாற்றப்படவில்லை. 72 பேரை இழந்தோம். அழைப்பை ஏற்கும் பணியாளர் அறிந்ததும் களத்தில் நிற்பவர் கண்டதும் ஒன்றுசேரவில்லை என்பதே என்னை மிகவும் வருத்துகிறது.

மறுமொழி 3: அதே 2017இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பிலும், காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறைகள் சேர்ந்து இயங்குவதற்கான நெறிகள் இருந்தும், தீயணைப்பு வீரர்கள் அங்கு சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. எனவே பரிந்துரை நிறைவேறியதா என்பதைத் துறைக்கு வெளியே உள்ளவர்கள், முன்னறிவிப்பில்லாத ஒத்திகை மூலம் சோதிக்க வேண்டும்.