பல்பணியா, முறைப்பணியா? திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வியாழன் காலை, கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இயங்குதளம் பற்றித் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கிய கட்டளைவரிக் காலத்து மல்டிடாஸ்கிங் (ஒரே சமயத்தில் பல வேலை) பாடத்தில் வண்டி நின்றுவிட்டது.

'பல்பணி' எல்லோரும் போடுகிற சொல்தான். ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தில் கட்டளைக்குப் பின்னால் ஒரு & போட்டால், [1] என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் காட்டிவிட்டு அடுத்த கட்டளைக்குத் தயாராகிவிடும்; வேலை பின்னால் ஓடும். 1980 வாக்கில் பெர்க்லி யூனிக்ஸில் வந்த கண்ட்ரோல்-இசட் வேறு. ஓடுகிற வேலை நின்ற இடத்தில் அப்படியே உறைந்துவிடும். 'பிஜி' என்றால் பின்னால் ஓடும், 'எஃப்ஜி' என்றால் முன்னால் வரும். பழைய தனிக்கணினிகளின் இயங்குதளமான டாஸில் ஓடிய டிஎஸ்ஆர் நிரலோ, முடிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் பல்பணி என்றே எழுதினால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்?

வியாழன் மாலை, தஞ்சையிலிருந்து

முதலில் சொல் சரியா என்று பார்ப்போம். போன மாதம் ஒருவர் 'பற்பணி' என்று எழுதியிருந்தார்; பல் மருத்துவமனை விளம்பரமோ என்று நினைத்தேன். பல என்பதன் முன் பலவே வந்தால்தான் பற்பல. மற்றச் சொல் வந்தால் 'பிறவரின் அகரம் விகற்பம் ஆகலும் உள' (கடைசி அகரம் கெடலாம், கெடாமலும் இருக்கலாம்) என்று நன்னூல் 170 முடித்துவிடுகிறது. பல்கலை, பல்பொருள் போலப் பல்பணி. இலக்கணத்தில் குறையில்லை.

பொருளில்தான் குறை. அந்தக் கணினிகளில் இருந்தது ஒரே செயலி (சிபியு). ஒரு கணத்தில் அது ஒரு வேலையைத்தான் செய்கிறது. அப்புறம் 'பல்' எங்கே வந்தது?

வெள்ளி காலை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து

> அப்புறம் 'பல்' எங்கே வந்தது?

இதைத்தான் நானும் பத்து வருஷமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயில் மடை ஒன்று, வயல் நூறு. முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். முறைப்பாசனம் என்று அதற்குப் பேரே இருக்கிறது. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில் கணினி அறிஞர் கோர்பட்டோவின் குழு காட்டிய நேரப்பங்கீடும் இதேதான். தட்டச்சு முனையத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கே சொந்தம் என்று தோன்றும். உள்ளே முறை சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே 'முறைப்பணி'. முறை வகுக்கும் நிரலுக்கு, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் ஆளின் பேரான 'நீர்க்கட்டி'. நேரம் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டால் 'பறிமுறை', நிரல் தானாக விட்டுக்கொடுத்தால் 'விடுமுறை'.

வெள்ளி மதியம், கோவையிலிருந்து

அண்ணே, 'விண்டோஸ் 3.1 விடுமுறையில் இயங்கியது' என்று எழுதினால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 'நீர்க்கட்டி' என்றால் டாக்டரிடம் போவார்கள்.

அதோடு, டாஸில் முறை ஏது? நீர்க்கட்டியே இல்லாத கண்மாய் அது. 1983இல் வந்த 2.0 பதிப்பின் பிரிண்ட் கட்டளை, அச்சடித்துக்கொண்டே நம்மை வேறு வேலை பார்க்க விட்டது. அடுத்த ஆண்டு போர்லண்ட் நிறுவனத்தின் சைட்கிக் என்ற டிஎஸ்ஆர் நிரல். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால் ஓடுகிற நிரலின் மேலேயே கணக்கீட்டுப் பெட்டியும் நோட்டும் வந்து நிற்கும். விசையைத் தட்டியதும் செயலிக்குப் போகும் குறுக்கீட்டுச் சைகையை இடையில் மறித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் வேலை இது. உங்கள் கணக்கில் ராத்திரியில் கரையை வெட்டித் தண்ணீர் திருப்புவது!

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் வட்டில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தபோது இப்படியொரு குட்டி நிரலை அழைத்தேன். டாஸ் தன் வேலைக்கு நடுவே தன்னையே இன்னொருமுறை கூப்பிட்டால் தாங்காது என்று அப்போது தெரியாது. திரை உறைந்தது. விசைகளைத் தட்டத் தட்ட, தட்டியதைச் சேர்த்துவைக்கும் தாங்கல் பதினைந்தோடு நிரம்பி அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் 'பீப்' மட்டும் வந்தது. அன்றைய கோப்பு போனது போனதுதான். அதற்கு முறைப்பணி என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளி இரவு, நாகர்கோவிலிலிருந்து

கண்மாய்க்கு ஏன் போகிறீர்கள்? எங்கள் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் (ஒரே சமயத்தில் நூறு செயல்களில் கவனம் வைப்பது) செய்து காட்டினார். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒன்றை விட்டு மற்றதற்குப் போய், விட்ட இடத்துக்கே திரும்பி வருவார். கண்ட்ரோல்-இசட்டும் எஃப்ஜியும் அங்கேயே இருக்கின்றன. 'பல்கவனகம்' என்று வையுங்கள். (அவதானம் வடசொல், கவனகம்தான் வேண்டும். கவனம் மட்டும் தமிழா என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.)

சனி காலை, தஞ்சையிலிருந்து

தொடங்க மாட்டேன், ஆனால் ஆசையாக இருக்கிறது.

வேறொன்று தோன்றியது. 'வந்து' என்று நிறுத்தினால் வினை முடியவில்லை, முற்று வரும்வரை காத்திருக்கிறது. நிறுத்திவைத்த வேலையும் அப்படித்தானே? 'பணியெச்சம்' எனலாம். எஃப்ஜிக்கு 'முற்று'. ஒருசேர ஓடுவதற்கு, மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்கிற 'உடனிகழ்வு'.

சனி மதியம், கோவையிலிருந்து

ஐயா, எச்சம் என்றதும் வகுப்பில் எல்லோரும் காக்கையைத்தான் நினைப்பார்கள். உடனிகழ்வுக்கு மட்டும் என் ஓட்டு.

ஞாயிறு இரவு, கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் பல்பணி என்றே விட்டுவிட்டேன்.  & போட்டு விடுவது 'பின்னணி ஓட்டம்'. கண்ட்ரோல்-இசட்டுக்கு 'நிறுத்திவைத்த வேலை'. டிஎஸ்ஆருக்குத் 'தங்குநிரல்'. முறைப்பாசனத்தை ஒரு பத்தியாக, உவமையாகச் சேர்த்திருக்கிறேன்.

திங்கள் அதிகாலை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து

அது உவமை இல்லை தம்பி, அதேதான் இது. அச்சுக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் அடைப்புக்குறிக்குள்ளாவது முறைப்பணி என்று ஒருமுறை போட்டுவிடுங்கள்.