28 கி.மீ. ஓட்டம், வீட்டுக்கு 5 மணி நேரம்: குமரி மாவட்ட ஓட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு, ஊர்வாரியாக

நாகர்கோவில்

மாரத்தான் பயிற்சிக்காரர்கள் அட்டவணையில் ‘சனி, 28 கி.மீ.’ என்று மட்டும் எழுதுகிறார்கள். வீட்டுக் கணக்கு வேறு. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் ஓட்டம் மட்டும் 2 மணி 48 நிமிடம். 4.15-க்கு வாசல் தாண்டினால் திரும்ப 7 ஆகும். உடம்பைத் தளர்த்திக் குளித்துச் சாப்பிட எட்டு. மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்காமல் முடியாது. ஆக வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வது கிட்டத்தட்ட 5 மணி நேரம். பால் வாங்குவது, பிள்ளைகளை எழுப்புவது, அடுப்படி வேலை எல்லாம் அந்த நேரத்தில் இன்னொருத்தர் தலையில் விழுகிறது. இந்த 5 மணி நேரத்தைக் காலண்டரில் எழுதி, அதே வாரத்தில் அவருக்கும் கேள்வி கேட்காத 5 மணி நேரம் ஒதுக்க வேண்டும். இது நடக்காத வீட்டில் நாலாவது வாரமே முகம் மாறிவிடும்.

காலண்டரில் முதலில் ஏறவேண்டியது அசைக்க முடியாதவை: பள்ளி வேன் நேரம், வீட்டில் மற்றவருடைய டியூட்டி, கல்யாண வீடு, ஞாயிறு காலைப் பூசை அல்லது ஆராதனை. பொதுவான அட்டவணைகள் லாங் ரன்னை, அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்தை, ஞாயிறில் வைக்கும். இங்கே பல வீடுகளுக்கு அது சரிவராது, சனிக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து நாள் ஓடுகிறவருக்கு ஒரு வாரம் இப்படி அமையும்: செவ்வாய் இன்டர்வெல், அதாவது வேகமாக 5 x 1000 மீட்டர், இடையில் இரண்டரை நிமிட மெதுவோட்டம், முன்னும் பின்னும் சேர்த்து 12 கி.மீ.; புதன் 10 மெதுவாக; வியாழன் 8 கி.மீ. டெம்போ (சற்றுச் சிரமமான ஒரே வேகத்தில் ஓடுவது) உட்பட 13, சனி 28, ஞாயிறு சாயங்காலம் 7, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். மொத்தம் 70. திங்களும் வெள்ளியும் ஓய்வு. சனிக்கிழமை பள்ளி வைத்துவிட்டால் வெள்ளி மாலை 12, சனி காலை 16 என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஓடுவதற்கு முழு ஈடாகாது. ஆனால் களைத்த காலோடு ஓடும் பழக்கம் கிடைக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இப்படிப் பிரிக்க வேண்டாம்.

காலை 4 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 9-க்குப் படுக்கை. ஓட்டத்தைவிடக் கஷ்டமானது இதுதான். பிள்ளைகளின் வீட்டுப்பாடம் 8.30-க்குள் முடிய வேண்டும். நாள்கணக்கில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், அன்றைய இன்டர்வெலை விட்டுவிட்டு மெதுவாக 6 கி.மீ. போதும்.

மார்த்தாண்டம்

நாகர்கோவில் அண்ணன் சொன்ன 6 நிமிடக் கணக்கு சமதரையான சுசீந்திரம் ரோட்டுக்குப் பொருந்தும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் அரை கிலோமீட்டர் சமதரை கிடைப்பதே அபூர்வம். இங்கே வாட்ச் காட்டும் பேஸை (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை) பார்த்து டெம்போ ஓடினால் ஏற்றத்திலேயே தீர்ந்துவிடும். மூச்சைக் கணக்கு வைத்து, 40 நிமிடம் என்று நேர அளவில் ஓடுங்கள். தொடை கிழிகிற மாதிரி வலிப்பது ஏற்றத்தால் அல்ல, இறக்கத்தால். இறங்கும்போது காலடியைச் சின்னதாக வைக்க வேண்டும்.

ரப்பர் வெட்டு (மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை) உள்ள வீடுகளுக்குக் காலை ஓட்டம் பேச்சுக்கே இடமில்லை. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஒழுகும், விடியுமுன்னே வெட்டு தொடங்கிவிடும். பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்க முற்பகல் ஆகும். அவர்களுக்கு மாலை 5.30 முதல் 6.45 வரைதான் இடம். கடின ஓட்டத்தைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடித்தால் தூக்கம் கெடாது.

சுசீந்திரம்

எந்தப் போட்டிக்குப் பேர் கொடுக்கிறோம் என்பதிலேயே வீட்டுச் சமாதானம் பாதி இருக்கிறது. சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில். அப்படியானால் 30, 32 கி.மீ. ஓட்டங்கள் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை வரும். அப்போதும் அதை ஒட்டியும்தான் வடகிழக்குப் பருவமழை, டிசம்பர் 3-இல் முடியும் கோட்டார் சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் வேலை, இங்கே மார்கழித் தேரோட்டம் எல்லாம். திருவிழா நாளில் சொந்தக்காரர் வீட்டுக்கு வரும்போது ஓடப்போனவரைப் பற்றி ஒரு வருஷம் பேச்சு இருக்கும்.

இதற்கு வழி உண்டு. நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைக்கும் வாரம் எப்படியும் வேண்டும். அதைத் திருவிழா வாரத்தில் விழச் செய்யுங்கள்: லாங் ரன் 18, இன்டர்வெல் இல்லை. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி 32-ஐ மூன்று வாரம் முன்பு வையுங்கள். கிறிஸ்துமஸ் வாரம் தானாகவே டேப்பரில் (போட்டிக்கு முன் தூரத்தைக் குறைக்கும் வாரங்களில்) வந்துவிடும். போன வாரம் விட்டுப்போனதை இந்த வாரம் சேர்த்து ஓடுவதுதான் பெரிய தப்பு. கெண்டைக்கால், குதிகால் நரம்பு பிடிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அந்தக் காலையைக் குறித்து வையுங்கள். வெள்ளி மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், சனி காலை சென்னை, அன்றே பிப் (மார்பில் குத்தும் போட்டி எண் அட்டை) வாங்கல், ஞாயிறு ஓட்டம், அன்று மாலை திரும்பினால் திங்கள் காலை வீடு. குடும்பமும் வருமென்றால் சனிக்கிழமை சுற்றிப்பார்க்க அழைத்துப்போகாதீர்கள், அதை ஞாயிறு மத்தியானத்துக்கு வையுங்கள். சனி முழுக்க நடந்த கால் 30-ஆவது கிலோமீட்டரில் கணக்குக் கேட்கும்.

குளச்சல்

அண்ணன்மார் எழுதியதில் பெண்களுக்கான கணக்கு விட்டுப்போயிருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் நடைதான். சிசேரியன் என்றால் டாக்டர் சொல்லும்வரை அதற்கும் மேலே. தொடங்கும்போது 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, பத்துச் சுற்று. சிறுநீர் கசிந்தாலோ அடிவயிற்றில் கனம் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடமோ பிசியோவிடமோ காட்ட வேண்டும். ‘எல்லாருக்கும் உள்ளதுதான்’ என்று அம்மையோ மாமியாரோ சொன்னாலும் காட்ட வேண்டும். பால் கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. தூரம் கூடும்போது மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால் அது உடம்பு பட்டினி கிடக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம், பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதற்கல்ல. முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான் சாயா. சாயா இரும்புச்சத்தை உடம்பில் சரியாக ஏறவிடாது.

இருட்டில் ஓடும்போது வீட்டார் ஸ்கூட்டரில் கூட வருவதும் அவர்களுடைய நேரம்தான். அதையும் காலண்டரில் எழுதுங்கள். நாய் குரைத்து வந்தால் ஓடாமல் நின்றுவிடுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி.

சாப்பாட்டுக்குத் தனிச் சமையல் வேண்டாம். முந்தின இரவு எல்லாருக்கும் அவிக்கும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் கறியும் போதும். பொரித்த மீனும் அதிக மிளகும்தான் காலையில் வயிற்றைக் கலக்கும். கிளம்புமுன் இரண்டு மட்டி வாழைப்பழம். 90 நிமிடத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. அதனால் உப்புக்கு ஓஆர்எஸ்: பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீர், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. குறைந்ததைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகும்.

தோவாளை

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று ஆளைத் தள்ளும். முதலில் காற்றை எதிர்த்து மேற்கே ஓடி, திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். மாற்றிச் செய்தால் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வர முடியாது, வேன் போய்விடும்.

நாகர்கோவில்

மழைக்காலத்துக்கு ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்ததற்குள் பேப்பர் திணித்து, இரண்டு மணி நேரத்தில் பேப்பரை மாற்றுங்கள். உரசும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் மழையில் நிற்காது, வாசலின்தான் நிற்கும். வியர்த்த துணியை ஓடினவரே அப்போதே வாளியில் அலசிப் பிழிந்து கொடியில் போட வேண்டும். மற்றவர்கள் துவைக்கும் துணியோடு அது சேரக்கூடாது.