ஆங்கிலப் பொருட்பெயர்களை ஒருமை, பன்மையாக மாற்றப் பைதனில் என்ன வழி?

அண்ணைமார், அக்காமார், பைதன் புரோகிராமிங் மொழி தெரிந்த யாராவது இதை ஒருக்கால் பாருங்கோ. சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு ஸ்டொக் பார்க்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய எக்செல் பட்டியலில் பொருட்பெயர் எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனால் ஆளுக்கொரு மாதிரி அடித்து வைத்திருக்கிறார்கள்: ஓரிடத்தில் பிரஷ், இன்னோரிடத்தில் பிரஷஸ், அதனால் ஒரே சாமான் இரண்டு வரியில் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒருமைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேணும், பில்லில் எண்ணிக்கையைப் பார்த்துப் பன்மையாக அடிக்கவும் வேணும்.

கடைசி எஸ்ஸை வெட்டுகிற விதி ஒன்றுக்கும் உதவாது, கிளாஸ், கொம்பாஸ் எல்லாம் அதிலேயே அடிபட்டுப் போகும். எஃப் சத்தத்தில் முடிகிறதும் ஒழுங்கில்லை. நைஃப் நைவ்ஸ் ஆகும், ரூஃப் வெறும் ரூஃப்ஸ்தான். சிசர்ஸ், பிளையர்ஸை ஒருமையாக்கவே கூடாது. பெரிய தலையிடி ஆக்சஸ்: கோடாலிக்கும் அதுதான் பன்மை, அச்சு என்று பொருள்படுகிற ஆக்சிஸுக்கும் அதுதான் (நல்லகாலம், கடையில் கோடாலி மட்டும்தான் விற்கிறார்கள்).

ஆங்கிலச் சொற்களை ஒருமை, பன்மையாக்கித் தரும் பைதனின் இன்ஃப்ளெக்ட் லைப்ரரியில், ஒருமையாக்கும் சிங்குலர் நவுன் ஃபங்ஷனுக்கு ஏற்கெனவே ஒருமையான சொல்லைக் கொடுத்தால் சொல்லுக்குப் பதிலாக ஃபோல்ஸ் (பொய்) என்றுதான் வரும், அதுக்கு ஒரு இஃப் போட்டால் சரி. அதிலுள்ள டெஃப்நவுன் ஃபங்ஷனால் எங்கட சொற்களையும் சேர்க்கலாம். ஆனால் "பெயின்ட் பிரஷஸ் 2 இஞ்ச்" மாதிரி நீளப் பெயரில் எந்தச் சொல்லை மாற்றுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லின் அடிப்படை வடிவத்தைத் தரும், என்எல்டிகே என்ற பைதன் மொழி லைப்ரரியின் வேர்ட்நெட் லெமடைசர் பாவித்த ஆட்கள் இருக்கிறீங்களா? விதிவிலக்குகளைத் தனி டேபிளில் வைப்பதா, கோடுக்குள்ளேயே டிக்ஷனரியாக வைப்பதா? மாதிரிக் கோட் இருந்தால் கீழே போட்டுவிடுங்கோ.