அமெரிக்க அரசியல் வழக்கு, தேர்தல் தகராறு: நேரில் பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

ஷாம்பர்க் ஆசாமி:

டிவியில் பார்த்ததை எழுத வேண்டாம். கட்சிச் சண்டையும் வேண்டாம், அது வேண்டிய அளவு வெளியே கிடைக்கிறது. அமெரிக்காவில் நடந்த அரசியல் வழக்கோ தேர்தல் தகராறோ உங்கள் வாசல் வரை வந்திருந்தால் சொல்லுங்கள். நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

எங்கள் இல்லினாயில் கவர்னராக இருந்தவர்கள் பிற்பாடு ஜெயிலுக்குப் போவது ஏதோ சம்பிரதாயம் மாதிரி. ஆட்டோ கெர்னர், டான் வாக்கர், ஜார்ஜ் ரயன், ராட் பிளகோயவிச் என்று நாலு பேர். (வாக்கர் மட்டும் பதவியை விட்ட பிறகு செய்த பண விவகாரத்துக்காகப் போனார். அவரை அரைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.) நான் வந்து இறங்கியபோது ரயன்தான் கவர்னர். அதற்கு முன் அவர் நடத்திய துறையில் லஞ்சம் வாங்கிக்கொண்டு லாரி லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு அவருடைய தேர்தல் நிதிக்குப் போயிருக்கிறது. அப்படி லைசென்ஸ் வாங்கிய ஒருவரின் லாரியிலிருந்து கழன்று விழுந்த பாகத்தால் 1994ல் ஒரு வேன் தீப்பிடித்து, ஒரே குடும்பத்தில் ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள். ரயனுக்கு ஆறரை வருடம் கிடைத்தது.

அந்த அழுக்கைத் துடைக்கிறேன் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்தான் பிளகோயவிச். அவர் காலத்தில்தான் எங்கள் டோல் ரோட்டில் வண்டியை நிறுத்தாமல் போகும் வசதி வந்தது. அதற்கு முன் சில்லறையைத் தேடி எடுத்துக் கூடையில் வீச வேண்டும். புது வசதியோடு தலைக்கு மேலே பெரிய பலகையும் வந்தது. அதில் கவர்னர் பெயர், முழுதாக. என் மகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். பின்சீட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் பி, எல், ஏ, ஜி என்று ஆரம்பிப்பாள். அவள் முடிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். அடுத்த சாவடியில் விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள்.

2008 டிசம்பர் 9 விடிகாலை அவரை வீட்டிலேயே எஃப்.பி.ஐ. கைது செய்தது. ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்வானதால் காலியான செனட் சீட்டுக்கு ஆள் போடும் அதிகாரம் கவர்னரிடம் இருந்தது. அதை விலை பேசினார் என்பது குற்றச்சாட்டு. போனில் பேசியதெல்லாம் டேப்பில் இருந்தது. ஜனவரி கடைசியில் மாநில செனட் 59-0 என்று பதவியைப் பறித்தது. அப்புறம் கொஞ்ச நாளில் பலகையில் பெயர் இல்லை. மகள் பின்சீட்டில் வாயைத் திறந்தாள், படிக்க ஒன்றுமில்லை. “அப்பா, எங்கே போச்சு?” என்றாள். வேலை போயிடுச்சும்மா என்றேன். அந்த வருடம் எங்கள் ஆபீஸிலும் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் அடுத்துக் கேட்டது, “உனக்கும் பலகை இருக்கா?”

2010 கோடையில் விசாரணை நடந்தது, சிகாகோ டவுன்டவுனில் டிர்க்சன் கோர்ட் கட்டிடத்தில். என் ஆபீஸ் நாலு தெரு தள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போனேன். மனிதர் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி எல்லோரிடமும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் நீட்டினார். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். அந்தத் தடவை 24 குற்றச்சாட்டில் ஒன்றுக்குத்தான் ஜூரி ஒத்துப்போனது. 2011ல் மறுபடி விசாரித்து 17 நிரூபணமாகி, 14 வருடம். 2020ல் டிரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார், 2025ல் முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார்.

எடிசன்காரன்:

நியூ ஜெர்சியை விட்டுவிட்டீர்களே, எங்களுக்குக் கோபம் வரும்.

எங்கள் செனட்டராக இருந்த பாப் மெனண்டஸ் மேல் லஞ்ச வழக்கு. வீட்டுச் சோதனையில் 4,80,000 டாலருக்கு மேல் ரொக்கம் கிடைத்தது. கவரில் போட்டு கோட்டுப் பைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் வைத்திருந்தார்களாம். கூடவே தங்கக் கட்டி. ஒரு கிலோ தங்கம் என்ன விலை என்று அவர் இணையத்தில் தேடியதும் குற்றப்பத்திரிகையில் வந்தது. என் மாமியார் அப்போது இங்கேதான் இருந்தார். செய்தியை மொழிபெயர்த்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கட்டியா வச்சா மாட்டிப்பாங்க, வளையலா அடிச்சிருக்கணும்” என்றார். 16 குற்றச்சாட்டு, 11 வருடம்.

என் அனுபவம் அவ்வளவுதான். விசா விஷயமாக எங்கள் செனட்டர் ஒருவரின் ஆபீஸுக்கு ஒருமுறை எழுதி, ஆறே நாளில் பதில் வந்தது. எந்தச் செனட்டர் என்று சொல்லமாட்டேன்.

அட்லாண்டா அக்கா:

2020 ஜனாதிபதித் தேர்தல் ஓட்டை ஜார்ஜியாவில் மறுபடி கையால் எண்ணினார்களே, அந்த மேஜையில் உட்கார்ந்தவள் நான். சிட்டிசன் ஆனதிலிருந்து வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். கோவிட் நேரத்தில் வழக்கமாக வரும் வயதானவர்கள் பலர் வரவில்லை, அதனால் எண்ணவும் கூப்பிட்டார்கள்.

நவம்பர் 13ல் தொடங்கியது. மறுநாள் தீபாவளி. விடியற்காலை எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, புதுச் சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எண்ணப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மேஜைக்கு இரண்டு பேர். ஒருவர் சீட்டை எடுத்து ஜனாதிபதி வேட்பாளர் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் வாங்கிப் பார்த்து, அவரும் படித்து, அந்தப் பெயருக்கான அடுக்கில் வைக்க வேண்டும். அதற்கப்புறம் அடுக்கடுக்காக எண்ணுவது. இயந்திரத்தில் போட்ட ஓட்டு ஒரு தாளில் அச்சாகி வரும். மேலே க்யூஆர் கோடு, கீழே எழுத்து. நாங்கள் படித்தது எழுத்தைத்தான். தபாலில் வந்தது முட்டை வடிவக் கட்டத்தைக் கையால் கறுப்பாக்கிய சீட்டு. அதில் கவருக்குள் இருந்த மடிப்பு அப்படியே நிற்கும், தட்டினாலும் படியாது. பிற்பாடு ஃபுல்டன் கவுன்ட்டியில் மடிப்பே இல்லாத தபால் ஓட்டு இருந்தது என்று ஒரு கூட்டம் வழக்குப் போட்டபோது, எனக்கு அந்த மடிப்புகள்தான் விரலில் நினைவு வந்தது.

என்னோடு உட்கார்ந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை எங்களுக்குள் நடந்த பேச்சு “பைடன், பைடன், டிரம்ப், டிரம்ப்” மட்டும்தான். இடைவேளையில் தூக்கில் கொண்டுபோன முறுக்கை நீட்டினேன். கையில் எண்ணெய் ஒட்டினால் சீட்டில் படும் என்று காகிதத்தில் பிடித்துத் தின்றார். சின்ன விஷயம், ஆனால் மறக்கவில்லை. பின்னால் இரண்டு கட்சிப் பார்வையாளர்களும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

மாநிலம் முழுக்க 159 கவுன்ட்டி, கிட்டத்தட்ட 50 லட்சம் ஓட்டு. தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபிளாய்ட் கவுன்ட்டியில் சுமார் 2,600 சீட்டை ஸ்கேன் செய்யாமலே விட்டது இந்த எண்ணிக்கையில்தான் வெளியே வந்தது. அதையும் சேர்த்த பிறகும் பைடனின் வெற்றி மாறவில்லை. அப்புறம் இயந்திரத்தில் இன்னொரு தடவை எண்ணி, கடைசியில் வித்தியாசம் 11,779. ஜனவரி 2ஆம் தேதி டிரம்ப் மாநிலச் செயலருக்குப் போன் போட்டு 11,780 ஓட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாரே, அந்த எண் இதிலிருந்து வந்தது. ஒரே ஒரு ஓட்டு கூடுதல்.

வேடிக்கை இத்தோடு முடிந்தது. ஃபுல்டனில் எண்ணிய ரூபி ஃப்ரீமேன், அவர் மகள் ஷே மாஸ் இருவரும் ஓட்டில் மோசடி செய்தார்கள் என்று டிரம்பின் வக்கீல் ஜூலியானியும் மற்றவர்களும் பழி போட்டார்கள். கைமாறியது யுஎஸ்பி என்றார்கள். அது இஞ்சி மிட்டாய். மிரட்டல் தாங்காமல் அந்தம்மா வீட்டை விட்டே போக வேண்டி வந்தது. தன் பெயர் போட்ட டி-ஷர்ட்டை இனி போடுவதில்லை என்று அவர் சொன்னதைக் கேட்ட அன்று நான் அலமாரியைத் திறந்து என்னுடைய பெயர் அட்டையைத் தேடி எடுத்துக் கிழித்தேன். எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் கிழித்தேன். 2023ல் ஜூரி அவர்களுக்கு ஜூலியானி 14.8 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றது.

அதே வருடம் ஜார்ஜியா முடிவை மாற்றப் பார்த்ததாக டிரம்போடு சேர்த்து 19 பேர் மேல் வழக்கு, ஜெயிலில் எடுத்த அந்தப் போட்டோ, எல்லாம் உங்களுக்குத் தெரியும். வழக்கை நடத்திய ஃபானி வில்லிஸ் தனி விவகாரத்தில் சிக்கி விலக்கப்பட்டார். 2025 நவம்பரில் வழக்கையே மூடிவிட்டார்கள்.

பேர் வேண்டாம்:

2012 தேர்தல் சமயம். நான் வேலை பார்த்த சின்னக் கன்சல்டிங் கம்பெனி முதலாளி ஒரு வேட்பாளருக்காக விருந்து வைத்தார். ஒரு ஆள் ஒரு தேர்தலுக்கு 2,500 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அப்போதைய உச்சவரம்பு. அவர் கொடுக்க நினைத்தது அதிகம். எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, “தம்பி, நீ செக் எழுது, நான் ரொக்கமா கொடுத்துடறேன்” என்றார்.

நான் அப்போது ஹெச்1பி. விசாவில் இருப்பவர் நன்கொடை கொடுக்கவே கூடாது, கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம் என்பது எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, “சரி சரி, சாப்பிட்டுட்டு போ” என்றார். கிரீன் கார்டு வைத்திருந்த நண்பன் எழுதிக்கொடுத்தான். 2014ல் இந்தியாவில் பிறந்த அரசியல் எழுத்தாளர் தினேஷ் டிசோசா இதே மாதிரி மற்றவர் பெயரில் 20,000 டாலர் கொடுத்ததை ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்த ராத்திரி நண்பன் போன் செய்தான். பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிசோசாவுக்கும் 2018ல் மன்னிப்பு கிடைத்தது.

பச்சை அட்டை:

எங்கள் கதை அரசியல்வாதி கதை இல்லை. ஆனால் வெளிநாட்டவர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று இவர்கள் கத்தும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கிரீன் கார்டு வந்த புதிதில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். 1993 சட்டப்படி அங்கேயே வாக்காளர் பதிவுக்கும் கேட்க வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவர் வேகவேகமாகக் கேள்வி கேட்க, நானும் உறுப்பு தானம் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து எஸ், எஸ் என்றேன். ஐந்து வாரம் கழித்து வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்தது. என் கணவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டி, “பாரு, உனக்கு முன்னாடியே குடியுரிமை” என்று சிரித்தார். தெரிந்த வக்கீல் சிரிக்கவில்லை. “ஓட்டுப் போட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். சிட்டிசன் என்று பொய்யாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் நாட்டை விட்டே அனுப்பலாம் என்றார்.

பதிவை ரத்து செய்யக் கடிதம் எழுதி, ரத்தானதற்கு எழுத்தில் பதில் வாங்கி, ஒரு தடவைகூட ஓட்டுப் போடவில்லை என்பதற்குச் சான்றும் வாங்கினோம். குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது: எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? ஆமாம் என்று எழுதினேன். நேர்காணலில் அதிகாரி அந்தத் தாள்களைப் புரட்டிய நாலு நிமிடம் பிரசவ வலியைவிடப் பெரிது. கிடைத்தது. கிரீன் கார்டுக்காரர்களே, திரையில் எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய ஃப்ளோரிடா:

அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. 2000 ஜனாதிபதித் தேர்தல் சமயம் பாம் பீச் கவுன்ட்டியில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். வாரா வாரம் ஒரு யூத மூதாட்டிக்கு மளிகை வாங்கித் தருவேன், பதிலுக்குக் காபியும் கதையும். ஓட்டுப் பதிவுக்கு மறுநாள், நவம்பர் 8 சாயங்காலம் போனபோது அழுதுகொண்டிருந்தார்.

மளிகை ரசீதின் பின்பக்கத்தில் எனக்கு வரைந்து காட்டினார். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் பெயர், நடுவில் வரிசையாக ஓட்டை. இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். ஆனால் இரண்டாவது ஓட்டை வலப்பக்கத்தில் இருந்த மூன்றாம் கட்சி வேட்பாளர் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது. “பெயர் இரண்டாவதாக இருந்தது, இரண்டாவதைக் குத்தினேன்” என்று பென்சிலால் அந்த இடத்தையே குத்திக்கொண்டிருந்தார். ரசீது கிழிந்துவிட்டது. யூதர்களுக்கு ஆகாதவர் என்று பெயரெடுத்த புக்கானனுக்குப் போய் தன் ஓட்டு விழுந்ததே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்தக் கவுன்ட்டியில் புக்கானனுக்கு 3,400க்கு மேல் விழுந்தது. அவரே அதில் பெரும்பாலானவை எனக்குப் போட்டவையாக இருக்காது என்றார். சந்தேகம் வந்து இரண்டையும் குத்தியவர்கள் இன்னும் மோசம், 19,000 சீட்டுக்கு மேல் செல்லாமல் போனது. அந்தச் சீட்டை வடிவமைத்த அதிகாரி தெரஸா லபோர் அப்படிச் செய்ததே வயதானவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றுதான்.

ஐந்து வாரம் இழுத்தது. டிசம்பர் 12ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று மறு எண்ணிக்கையை நிறுத்தியது. ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். அதற்கப்புறம் போனபோது பாட்டி டிவி போடவில்லை. பால் வாங்கி வந்தாயா என்று மட்டும் கேட்டார்.

ஷாம்பர்க் ஆசாமி:

எல்லோருக்கும் நன்றி. அட்லாண்டா அக்கா, அந்த அட்டையைக் கிழித்திருக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பின்சீட்டில் எழுத்துக் கூட்டியவளுக்குப் போன வாரம் ஜூரி சம்மன் வந்திருக்கிறது. டிர்க்சன் கட்டிடம்தான். யார் வழக்கு என்று போனால்தான் தெரியுமாம். யாராக இருந்தாலும் கை கொடுத்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.