வீட்டில் செய்யும் வனவிலங்குக் கேமரா: படம் விழாமல் போவது எங்கே?

விலங்கு வந்தால் தானே விழித்துப் படம் எடுக்கும் இந்தக் கேமராவுக்கு வேண்டியவை: ஈஎஸ்பி32-கேம் (கேமரா பொருத்திய சின்ன கன்ட்ரோலர்) போர்டு, எச்.சி.-எஸ்ஆர்501 பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தின் அசைவை உணர்வது), மெமரி கார்டு, பேரலலாக இரண்டு 18650 செல் (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்), அதன் வோல்டேஜை 5 வோல்ட்டுக்கு உயர்த்த ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர். படம் விழவில்லை என்றதும் பலர் கேமராவைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பவர் லைனிலும் சால்டரிலும் இருக்கும்.

பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும் போர்டு விழிக்கும்போது கரண்ட் சட்டென்று ஏறும். வயர் மெல்லியதாக, நீளமாக இருந்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, போர்டை ஒட்டியே, 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு.

சென்சார் அவுட்புட் போர்டின் 13-ம் பின்னுக்கு (ஜிபிஐஓ 13). 12-ல் கொடுக்காதீர்கள்: பவர் ஏறும்போது அது ஹையாக (வோல்டேஜ் உள்ள நிலையில்) இருந்தால் போர்டு பூட் ஆகாது, அதாவது இயங்கத் தொடங்காது. கார்டை ஒரு-பிட் மோடிலேயே (ஒரே டேட்டா லைனில்) ஓட்டுங்கள். நாலு-பிட் மோடில் 4-ம் பின்னும் வேலை செய்யும். வெள்ளை ஃபிளாஷ் எல்இடி அதே பின்னில் இருப்பதால் கார்டில் எழுதும்போதெல்லாம் மினுக்கும். இரவில் வந்த விலங்கு அதோடு ஓடிவிடும்.

சால்டரிங்கில் அவசரம் கூடாது. 60/40 ஈயம், 0.8 மி.மீ., அயர்ன் 340 டிகிரி. முனையைப் பேடிலும் (போர்டில் வயர் ஒட்டும் செம்புப் பரப்பு) வயரிலும் சேர்த்து வைத்து ஒரு விநாடி விட்டு, ஈயத்தை மூட்டில் கொடுங்கள், முனையில் அல்ல. மொத்தம் மூன்று விநாடி. நல்ல மூட்டு பேடிலிருந்து வயர் நோக்கி உள்வளைந்து, ஈரம் படிந்தாற்போல் மின்னும். உருண்டையாக, மங்கலாக நின்றால் அது ஒட்டவே இல்லை. மேஜையில் வேலை செய்யும், மரத்தில் கட்டிக் காற்று அசைத்ததும் விட்டுவிடும். வயர் அறுவதும் மூட்டில் அல்ல, ஈயம் ஏறி விறைத்த இடம் முடியும் விளிம்பில். அதனால் மூட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஹாட் குளூ வைத்து வயரைப் பிடித்துவிடுங்கள். செல்லில் நேரடியாக சால்டர் வைக்கவே கூடாது, ஹோல்டர் போதும்.

•

பிஐஆர் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். அதன் மூன்று பின்னின் வரிசை எல்லா மாட்யூலிலும் ஒன்றல்ல. வெள்ளை லென்ஸை மெதுவாக இழுத்தால் கழன்றுவிடும், பெயர்கள் அடியில் அச்சாகியிருக்கும். பவர் கொடுத்த முதல் ஒரு நிமிடம் சும்மாவே ட்ரிகர் ஆகும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ட்ரிகர் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை மாற்றும் நேர ஸ்குரூவைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். காலிப் படங்கள் குவிந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். ரேடியோ அலையே சென்சாரை ட்ரிகர் செய்துவிடும்.

பெட்டியில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைத்தால் உடல் வெப்பம் உள்ளே வராது. லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு லென்ஸையே வெளியே நீட்டுங்கள். சுற்றிப் பூசும் சிலிக்கோன் வினிகர் வாடை அடித்தால் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை வாங்குங்கள்.

•

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் படத்தில் விலங்கின் வால் மட்டும் விழுகிறதா? குறுக்கே நடக்கும் விலங்கைத்தான் பிஐஆர் சட்டென்று பிடிக்கும், நேரே வருவதைத் தாமதமாக. ஆனால் போர்டு விழித்துப் படம் எடுக்க ஒன்றிரண்டு விநாடி ஆகும், அதற்குள் குறுக்கே போனது தாண்டிவிடும். விலங்கு நடக்கும் தடத்துக்கு 45 டிகிரி சாய்வாகத் திருப்பி வைத்தால் சட்டென்று பிடிப்பது, படத்துக்கு நேரம் இரண்டும் கிடைக்கும். விழித்ததும் வரும் முதல் சில ஃபிரேம்களைத் தூக்கிப்போடுங்கள், எக்ஸ்போஷர் அப்போது நிலைப்பட்டிருக்காது.

இரவுக்கு 850 நானோமீட்டர் ஐஆர் (இன்ஃப்ராரெட்) எல்இடி தூரம் எட்டும், ஆனால் மெலிதாகச் சிவப்பாய்த் தெரியும். 940 தெரியாது, தூரம் குறையும். பயந்த சுபாவமுள்ள விலங்குக்கு 940-தான் என் தேர்வு. கேமரா லென்ஸில் ஐஆர் ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் இருந்தால் இரண்டுமே வீண். எல்இடியை ஓட்டும் ஸ்விட்சாக (மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்) ஐஆர்எஃப்520 வேண்டாம், 3.3 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது, ஏஓ3400 திறக்கும். மாஸ்ஃபெட்டின் கேட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள்.

தூக்கத்திலும் இந்தப் போர்டு சுமார் 6 மில்லிஆம்பியர் குடிக்கும். 3000 எம்ஏஎச் செல் இரண்டும் சேர்ந்து மூன்று நாலு வாரம் தாங்கும், அதற்குள் மாற்றிவிடுங்கள்.