ஓட்டம் குறைந்த பழைய கார்: டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள்?

காவேரிக்கரை

அப்பாவின் சான்ட்ரோ, 2008 மாடல். ஓடியது 29 ஆயிரம்தான். கோயில், பேங்க், எப்போதாவது லால்குடி அத்தை வீடு, அதைத் தாண்டி வண்டி எங்கும் போனதில்லை. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்பேன். இன்ஜினில் பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் கேமையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் வைத்த பெல்ட் அது. கவுண்டரில் இருக்கும் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கிலோமீட்டர் இன்னும் வரலையே சார்" என்பான். போன மாதம் உறையூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வேறு வேலைக்காக விட்டிருந்தேன். மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், "பெல்ட் கம்பெனியிலேயே போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன். மறுபேச்சில்லாமல் மாற்றச் சொல்லிவிட்டார்.

என் மனதில் நிற்பது கழற்றிய பிறகு பார்த்ததுதான். பெல்ட்டை பெஞ்சில் போட்டார். அது வட்டமாக விழவில்லை. கிராங்க் புல்லியைச் சுற்றி நின்ற இடத்தில் எப்படி வளைந்திருந்ததோ அப்படியே விறைத்துக்கொண்டு கிடந்தது, பழைய செருப்பு வார் மாதிரி. கையில் எடுத்துப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். ஒவ்வொரு பல்லின் அடியிலும் முடி போல ஒரு கீறல் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. அந்தப் பையன் பார்த்த திரையில் இது எங்கே தெரியும்?

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


பெருந்துறை டீசல்

திறந்து பார்த்ததால் உங்களுக்குத் தெரிந்தது. திறந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

டீசல் செடான், ஒன்பதாவது வருடம், 44 ஆயிரம். மேல் கவரைத் திறந்து பார்த்து "சூப்பரா இருக்கு" என்று சான்றிதழே கொடுத்தார்கள். அடுத்த சில வாரத்தில் சென்னைக்குப் போகும்போது விக்கிரவாண்டி டோல் தாண்டி வண்டி அணைந்துவிட்டது. புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை. ஓரம் கட்டி செல்ஃப் அடித்தேன். அந்தச் சத்தத்தைத்தான் சொல்ல வேண்டும். டீசல் வண்டிக்கு செல்ஃப் அடித்தால் உடம்பெல்லாம் குலுங்கித் திணறிச் சுற்றும் அல்லவா? இது விர்ரென்று லேசாகச் சுற்றியது, உள்ளே எதுவுமே இல்லாதது போல. போனில் மெக்கானிக்கிடம் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். "அண்ணே, இனிமே சாவியத் தொடாதீங்க" என்றார்.

பெல்ட் அறுந்திருக்கவில்லை. முழுசாகத்தான் இருந்தது. கிராங்க் புல்லி பக்கம் மட்டும் பற்கள் வரிசையாகச் சீவிப்போயிருந்தன. மேலே பார்த்தால் இன்றைக்கும் சூப்பர்தான். தாளம் தப்பி பிஸ்டன் இடித்ததில் வால்வுகள் வளைந்து, அவற்றை அழுத்தும் ராக்கர் உடைந்து, ஹெட்டை இறக்கி ஏற்றி முடித்தபோது பில் அரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. டிரைவர் பேட்டாவுக்கு யோசிக்கிற குடும்பம் எங்களுடையது.


எஸ்டீம்தாசன்

பெருந்துறை சார், வருத்தம்தான். ஆனால் படிக்கிறவர்கள் எல்லோரும் நாளைக்கே பெல்ட் மாற்ற ஓட வேண்டியதில்லை. எல்லா இன்ஜினும் உங்கள் டீசல் இல்லை. என்னிடம் இருந்தது 1996 எஸ்டீம், கார்புரேட்டர், எட்டு வால்வு. செங்கல்பட்டு அருகே பெல்ட் நிஜமாகவே அறுந்தது. கயிறு கட்டி இழுத்துப்போனோம். புது பெல்ட் போட்டு, கிராங்க், கேம் சக்கரங்களின் மார்க்கைச் சேர்த்து, சாவியைத் திருப்பினார்கள். பிடித்துக்கொண்டது. ஒரு வால்வுகூட வளையவில்லை. சாயங்காலம் வீட்டில் காபி.

அந்த இன்ஜினில் வால்வு முழுசாகக் கீழே இறங்கினாலும் பிஸ்டன் அதைத் தொடாது. இதைச் சொல்லாமல் வெறுமனே பயமுறுத்துவதில் யாருக்கு லாபம்? ஒர்க்‌ஷாப்புக்குத்தான். முதல் பதிவு நண்பரே, உங்கள் பெல்ட்டின் கீறலும் அப்படித்தான். எந்த ரப்பரைப் பின்பக்கமாக மடக்கினாலும் கீறல் தெரியும்.


பெருந்துறை டீசல்

காபி சாப்பிட்டதெல்லாம் சரி. உங்கள் வண்டி 96. அதை வைத்து இப்போது ஓடுகிற டீசல்களுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். புது பெல்ட்டை மடக்கினால் கீறல் தெரியாது. கடையில் போய் மடக்கிப் பாருங்கள், பிறகு கடைக்காரர் சொல்வதையும் இங்கே எழுதுங்கள்.


ஐந்து ரோடு பட்டறை

சண்டை வேண்டாம், இரண்டு பேருமே பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். என் கதை சின்னது. மூடிய ஷெட்டில் வருடக்கணக்காக நின்ற ஒரு வண்டி வந்தது. கவரைக் கழற்றினால் உள்ளே பஞ்சும் துணியும், எலி குடித்தனம். பெல்ட்டின் ஒரு ஓரத்தைக் கடித்துக் குதறியிருந்தது. மீட்டர் 18 ஆயிரமோ என்னமோ. அவ்வளவுதான் கதை.

மற்றதைக் கேளுங்கள். பெல்ட் என்பது ரப்பர், உள்ளே கண்ணாடி இழைக் கயிறு, மேலே துணி. ஓடினால் தேயும். ஓடாவிட்டால் சூட்டிலும் காற்றிலும் இறுகும். அதனால்தான் கையேட்டில் கிலோமீட்டரோடு வருடமும் போட்டிருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அது. பொதுவாக 60 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை, வருடம் என்றால் ஐந்து முதல் ஏழு வரை. சில வண்டிக்கு இதைவிட அதிகமும் உண்டு. உங்கள் இன்ஜினுக்கு என்ன என்பதைக் கையேட்டில் பாருங்கள், மச்சானிடம் கேட்காதீர்கள். இன்னொன்று, ஊருக்குள் ஓடும் வண்டிக்கு மீட்டர் பொய் சொல்லும். ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது மீட்டர் நிற்கிறது, பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கண்ணால் பார்த்து முடிவு செய்வது அந்தக் காலத்து பெல்ட்டுக்குச் சரி, அது வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது வரும் ரப்பர் பல சமயம் கடைசி வரை பளிச்சென்றே இருக்கும். பெருந்துறை அண்ணனுக்கு நடந்தது அதுதான். கீறல் தெரிந்தால் மாற்று, தெரியவில்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை.

அப்புறம் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு போகும் ஐட்லர் பேரிங், இவற்றுக்கும் அதே வயதுதான். நின்ற வண்டியில் கிரீஸ் காய்ந்திருக்கும், பேரிங் சுற்றாமல் இறுகினால் புது பெல்ட்டும் போகும். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஓடாத வண்டியில் சீல் காய்ந்து கசியும், பெல்ட்டில் ஆயில் பட்டால் ரப்பர் ஊறிவிடும். மாற்றி முடித்ததும் செல்ஃப் அடிப்பதற்கு முன் கிராங்க்கை ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் திரும்பச் சேருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. அவசரப்பட்டு நேராக சாவியைத் திருப்புகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எல்லா வண்டியிலும் பெல்ட் கிடையாது. சான்ட்ரோவில் பெல்ட், ஐ10 கப்பா இன்ஜினில் செயின். பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் பெல்ட், பிறகு வந்த கே சீரிஸில் செயின். இன்னோவா 2.5 டீசலில் பெல்ட், மீட்டரிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த விளக்குக்குக் கிலோமீட்டர் மட்டும்தான் தெரியும், வருடம் தெரியாது. குறைவாக ஓடிய இன்னோவாக்காரர்கள் விளக்குக்காகக் காத்திருக்க வேண்டாம்.


வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2016இல் ரொயோட்டா டொல்பின் வான் ஒன்று பார்க்கப் போனோம். இடையில் பல வருஷம் கொழும்பில் ஒரு ஷெட்டில் நின்ற வான், ஓட்டம் குறைவு. விற்கிற ஐயா பொனற்றைத் திறந்து ஒரு மஞ்சள் ஸ்ரிக்கரைக் காட்டினவர். ஜப்பானில் ரைமிங் பெல்ற் மாத்தினால் ஒட்டி விடுகிறதாம். எழுத்து எல்லாம் ஜப்பான், கையால் எழுதின இலக்கம் மட்டும் எங்களுக்கு விளங்கினது. முதல் இலக்கம் 11. "2011இல மாத்தினது தம்பி, இன்னும் கனகாலம் ஓடலாம்" என்றார்.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. கூட வந்த மச்சான் முந்தி ஜப்பானில் வேலை செய்தவன். கிட்டப் போய், விரலால் ஊத்தையைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டான். அந்த 11, ஹெய்செய் 11. அவர்கள் அரசர் காலத்தை வைத்து வருஷம் எண்ணுவார்கள், ஹெய்செய் முதலாம் வருஷம் 1989. அப்ப 11 என்றால் 1999. மீற்றரை நம்பினால் அந்த பெல்ற் ஓடினது 34 ஆயிரம்தான், வயது பதினேழு. அந்த ஐயாவும் பொய் சொல்லவில்லை, அவருக்கு முதல் வைத்திருந்தவர் சொன்னதை அப்படியே சொன்னவர். மாத்துகிற செலவைக் கழித்து வாங்கினோம்.


எஸ்டீம்தாசன்

வடமராட்சி அண்ணா, அருமை. அது என்ன ரப்பர், பதினேழு வருடம் தாங்கியிருக்கிறதே! என் கட்சிக்குத்தான் ஓட்டு போட்டிருக்கிறீர்கள்.


வடமராட்சி

நின்ற வான் என்று சொன்னேனே. நிற்கிற வாகனத்தில் பெல்ற் எப்படி அறும்?


புதுசு 2012

நான் இரண்டாம் கையாக ஒரு 2012 டீசல் வாங்கியிருக்கிறேன், 38 ஆயிரம். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. முந்தைய ஓனர் "மாத்தின ஞாபகம்" என்கிறார். மெக்கானிக் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார், பம்ப்பில் கசிவே இல்லை. மாற்றணுமா?


ஐந்து ரோடு பட்டறை

பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட்தானா, வெளியே இருக்கும் ஃபேன் பெல்ட்டா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டைமிங் பெல்ட் என்றால் இப்போதே மாற்றுங்கள். நாளைக்குப் பம்ப் கசிந்தால் இதே லேபரை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். வெளி பெல்ட் என்றால் கசியும்போது பார்த்துக்கொள்ளலாம். எது மாற்றினாலும் தேதியும் கிலோமீட்டரும் பில்லில் எழுதி வாங்குங்கள், வருடத்தை நாலு இலக்கத்தில்.