குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழாய் டியூப்: செவிலியர்களின் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர், உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பதால் கேட்கிறேன்.

மூச்சுக்குழாயில் செலுத்திய டியூப் நகராமல் பிடித்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்றை வடிவமைக்கிறோம். ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு அந்த டியூபின் உள்விட்டம் 2.5 மில்லிமீட்டர்தான். ஒரு கிலோ எடை என்றால் உதட்டருகே 7 சென்டிமீட்டர் குறியில் நிறுத்துகிறார்கள். குழந்தையின் தலை குனிந்தாலே டியூப் கீழே இறங்குகிறது. நிமிர்ந்தால் மேலே ஏறுகிறது. அதிகம் இறங்கினால் காற்று பெரும்பாலும் வலது நுரையீரலுக்கே போகும். ஏறினால் வெளியே வந்துவிடும். இவ்வளவு நுட்பமான ஒன்றைப் பல இடங்களில் கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டர்தான் காக்கிறது என்ற எண்ணம் எங்களை உறங்கவிடவில்லை.

முதல் மாதிரியைச் சிலிகானில் செய்தோம். பொம்மையின் முகத்தில் கச்சிதமாக நின்றது. அதைப் பார்த்த செவிலியர் அக்கா ஒருவர், "வாயைச் சுத்தம் செய்ய எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

எச்சில் ஊறிய பிளாஸ்டர் எவ்வளவு நேரத்தில் தளர்கிறது? மாற்றும்போது அந்த மெல்லிய தோல் உரியாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? அவசரத்தில் ஒரே கையால், கையுறையோடு மாட்ட முடிய வேண்டுமா? எந்தப் பிடிப்பானையாவது பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்டிருந்தால் அதன் காரணம்தான் எங்களுக்கு மிகவும் தேவை.

குழந்தையின் படமோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். அடுத்த வாரம் இரண்டாவது அச்சு வார்க்கிறோம். அதற்குள் இரண்டு வரி எழுதினாலும் போதும்.